தலையாட்டினால் விளங்கியதாகுமா?

வைத்தியசாலைகளில் தாதிகளாக வேலை செய்யும் எங்களுக்கு "சரிபார்த்தாயிற்றா?" என்பது பழகிப்போன கேள்வி. பின்லாந்து மொழியில் இதற்கு ஒரு சொல் போதாது. மருந்துச் சீட்டையும் குளிசைப் பெட்டியையும் ஒப்பிட்டுப் பார்ப்பது 'தர்கிஸ்தா'. அது 'தர்க்கா', அதாவது கவனமான, துல்லியமான என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ஒரு காரியத்தை நிச்சயமாக்கிக்கொள்வது 'வர்மிஸ்தா'. 'வர்மா' என்றால் நிச்சயம். (கேரளத்து வர்மாக்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

இந்த வித்தியாசம் எங்களுக்கு மிகவும் பிடித்திருக்கிறது. முதலாவதை ஒருவர் தனியே செய்துவிடலாம். நோயாளிக்கு விளங்கியதா என்று நிச்சயப்படுத்த வேண்டுமென்றால் அவர் வாய் திறக்க வேண்டும். டென்மார்க் வாட்டுகளில் "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்கக்கூடாது என்பதும் அதனால்தான். காது மந்தமானவர், காய்ச்சலில் கிடப்பவர் எந்தப் பெயருக்கும் தலையாட்டுவார். பெயரையும் பத்து இலக்க சிபிஆர் எண்ணையும் அவரே சொல்ல, நாங்கள் கைப்பட்டியோடு ஒப்பிடுகிறோம்.

எங்கள் அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் டொக்டர் முன்னால் எதற்கும் "யா, யா" என்பார்கள். அது விளங்கியதன் அடையாளம் அல்ல, மரியாதை. பக்கத்தில் மொழிபெயர்க்க இருக்கும் பேரப்பிள்ளையும் "விளங்கிவிட்டதாம்" என்று முடித்துவிடுகிறது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் குளிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அது வாரத்தில் ஒரு நாள் மட்டும் எடுப்பது. தவறுதலாக நாள்தோறும் எடுத்து இறந்தவர்கள் உலகில் பல நாடுகளில் இருக்கிறார்கள். அங்கே ஒரு "யா" உயிரின் விலை.

பெரியவர்களைத் திருப்பிச் சொல்லச் சொல்வது பரீட்சை வைப்பதுபோல் இருக்காதா என்று கேட்கிறீர்கள். பழியை உங்கள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். "நான் சரியாகச் சொன்னேனோ தெரியவில்லை அம்மம்மா, இந்தக் குளிசையை எந்தெந்த நாள் எடுப்பீங்கள், ஒருக்கால் சொல்லுங்கோ" என்றால் யாரும் கோபிக்கமாட்டார்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதை மனவிருப்பத்தோடு ஏற்றுக்கொண்டார்கள். அப்படியிருந்தும் தினமும் வேதவாக்கியங்களை ஆராய்ந்து பார்த்தார்கள். பவுலுக்கு அது அவமரியாதையாக இருந்ததாக அப்போஸ்தலர் 17ஆம் அதிகாரத்தில் எங்கும் இல்லை.

இன்னொன்று, பெற்றோருக்கு. 2018 ஜூலையில், இந்நாட்டில் மூன்று வருடத்துக்கு மேல் வசிப்பவர்களுக்கு வைத்தியசாலை மொழிபெயர்ப்பாளருக்கான கட்டணம் வந்தது. அதிலிருந்து சில வீடுகளில் அந்த வேலை முழுக்கப் பிள்ளைகளின் தலையில் விழுந்திருக்கிறது. அடுத்த சந்திப்பு எப்போது என்று கேட்க கிம்னாசியம் படிக்கும் பிள்ளை போதும். சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் கேட்கும்போதோ, புற்றுநோய் என்ற செய்தியைச் சொல்லும்போதோ அந்தப் பிள்ளையை நடுவில் நிறுத்தாதீர்கள். காசு போனாலும் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். சந்திப்பு அன்று காலையில் கேட்டால் கிடைப்பது கடினம். அழைப்புக் கடிதம் கைக்கு வந்தவுடனேயே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.