தோழிகளோடு வருஷத்துக்கு இரண்டு நாள்



கூடப் படித்த தோழிகளோடு வருஷம் தவறாமல் ஊருக்குப் போய் வருவது வசதி உள்ளவர்கள் செய்கிற காரியம் என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். 'கடமையெல்லாம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்' என்று சொல்கிறவர்களும் உண்டு. கடமை என்றைக்கு முடிந்திருக்கிறது? மகள் கல்யாணம் முடிந்தால் பிரசவம், அது முடிந்தால் பேரனுக்கு எல்.கே.ஜி. அட்மிஷன். அதற்குள் நமக்கு மூட்டுவலி வந்துவிடும். கால் நடக்கிற காலத்திலேயே போய் வர வேண்டும், அதையும் ஒரு ஒழுங்கோடு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

திருச்சியில் ஒரே பள்ளியில் படித்து, 1986-ல் பத்தாம் வகுப்பு முடித்த ஆறு பேர் நாங்கள். இப்போது ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். 2012-லிருந்து வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் சேர்ந்து போய் வருகிறோம். கொரோனாவால் 2020, 2021 இரண்டு வருஷம் மட்டும் விட்டுப்போயிற்று. எங்களில் ஒருத்தி பேங்க் அதிகாரி. ஒருத்தி வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைக்கிறாள். மற்ற நாலு பேரும் இல்லத்தரசிகள். இத்தனை வருஷம் இது ஓடுகிறது என்றால், நாங்கள் போட்டுக்கொண்ட சில விதிகள்தான் காரணம்.

முதல் விதி, யாருக்குக் கையில் காசு குறைவோ அவளுக்குத் தோதாகத்தான் திட்டம் போட வேண்டும். எனக்குத் தெரிந்த வேறு ஒரு கோஷ்டி முதல் வருஷம் ஏற்காடு போனது. அடுத்த வருஷம் கோவா, அதற்கடுத்து சிங்கப்பூர். இரண்டாவது வருஷமே ஒருத்தி, 'மாமியாருக்கு உடம்பு சரியில்லை' என்று நின்றுகொண்டாள். மாமியார் நன்றாகத்தான் இருந்தார். பணம்தான் இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? மூன்றே வருஷத்தில் கோஷ்டி கலைந்துவிட்டது.

நாங்கள் மாதம் ஆளுக்கு 200 ரூபாய் போடுகிறோம். ஆறு பேருக்கு வருஷத்துக்கு 14,400 ரூபாய் சேருகிறது. ஒருத்தி நோட்டில் கணக்கு எழுதுவாள். அடுத்த வருஷம் அந்தப் பொறுப்பு இன்னொருத்திக்கு. ரயில், பஸ் செலவையும் இந்தப் பொதுப் பணத்திலேயே எடுத்துக்கொள்கிறோம். நாகர்கோவிலில் இருந்து வருகிறவளுக்கும் தஞ்சாவூரில் இருப்பவளுக்கும் ஒரே செலவுதான். இந்தப் பணத்தில் கும்பகோணத்தில் மூன்று பேருக்கு ஒரு ரூம் என்று தங்கி, தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தோம். 2004-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய கோயில்கள் அவை. பக்கத்திலேயே இருந்தும் ஐம்பது வயசுக்கு மேல்தான் அவற்றைப் பார்க்கக் கொடுத்து வைத்தது.

இரண்டாவது விதி, தேதியை மாற்றக் கூடாது. எங்களுக்கு ஆடி மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு. ஆடியில் கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. 'நாத்தனார் வீட்டு விசேஷம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. யாராவது வர முடியாவிட்டால் மற்றவர்கள் கிளம்பிவிட வேண்டும். ஆறு பேரும் சேர்ந்தால்தான் போவோம் என்று உட்கார்ந்தால் ஒரு வருஷமும் போக முடியாது.

டிக்கெட் விஷயத்தில் ஒரு குறிப்பு. 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைந்திருக்கிறது. ஆடிப் பயணத்துக்கு வைகாசியிலேயே டிக்கெட் போட்டுவிட வேண்டும். 45 வயதான பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ போனால்தான் அதில் கேட்க முடியும். நாலு பேர் கிளம்பினால் இரண்டிரண்டு பேராகத் தனித்தனி டிக்கெட் எடுங்கள்.

மூன்றாவது விதி, கஷ்டத்தில் இருப்பவளை விட்டுவிடக் கூடாது. 2018-ல் எங்களில் ஒருத்தியின் கணவர் இறந்துவிட்டார். 'இந்த வருஷம் நீ எங்கேயும் போகக் கூடாது' என்று சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சரி, அவள் வர வேண்டாம், நாம் போவோம் என்று அந்த ஆடியில் அவள் ஊருக்கே போனோம். அவளுக்குச் சிரமம் வைக்காமல் லாட்ஜில் தங்கிக்கொண்டோம். இரண்டு நாளும் அவள் பேச்சைக் கேட்டோம், அழுதபோது கூட இருந்தோம். குடும்ப பென்ஷனுக்கான விண்ணப்பத்தைப் பேங்க் தோழி பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தாள். அடுத்த வருஷம் பையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றவள் அவள்தான். வருஷா வருஷம் பார்த்துப் பழகியதால்தான் அந்த உரிமை எங்களுக்கு வந்தது. இருபது வருஷம் பார்க்காமல் இருந்துவிட்டுத் துக்கத்துக்கு மட்டும் போய் நின்றால் என்ன பேச வரும்?

'வீட்டைப் போட்டுட்டு என்ன ஊர் சுத்தல்?' என்று கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கார்த்திகையில் வீட்டு ஆண்கள் மாலை போட்டு, நண்பர்களோடு கோஷ்டியாகச் சபரிமலை போய் வருகிறார்கள். விரதச் சமையல் செய்து, இருமுடி கட்டும்போது கூட நின்று சந்தோஷமாக அனுப்பி வைக்கிறோம். வீடு எப்படி நடக்கும் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. அதே வீடு நமக்காகவும் இரண்டு நாள் நடக்கும். முதல் நாள் போய் நின்று 'போகட்டுமா?' என்று கேட்காதீர்கள். தை மாதமே காலண்டரில் தேதியைக் குறித்து, 'இந்த ரெண்டு நாள் நான் ஊரில் இல்லை' என்று சொல்லிவிடுங்கள். இட்லி மாவு அரைத்து வைத்துவிட்டுப் போங்கள், போதும். இரண்டு நாள் குழம்பையும் வைத்து ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டுக் களைத்துப்போய் ரயில் ஏற வேண்டாம். ரசம் வைக்க அவர்களும் கற்றுக்கொள்ளட்டும். வீட்டில் நோயாளி இருந்தால் மட்டும் மகளிடமோ நாத்தனாரிடமோ முன்கூட்டியே பேசி வையுங்கள். பதிலுக்கு அவர்கள் ஊருக்குப் போகும்போது நாம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரேயடியாக இரண்டு நாள் என்றால் மலைப்பாக இருக்கிறதா? முதல் வருஷம் காலையில் போய் இரவு திரும்புகிற மாதிரி ஒரு ஊர் போதும். இந்த வாரமே பழைய தோழி ஒருத்திக்குப் போன் செய்யுங்கள். பேச்சை முடிக்கும் முன் தேதியைக் குறித்துவிடுங்கள். மற்ற சகோதரிகள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? எழுதுங்களேன்.

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.