ஜெர்சி மாத்தினா திருட்டா?

கிரிக்கெட் 07 ஞாபகம் இருக்கா? இஏ ஸ்போர்ட்ஸ் 2006 நவம்பரில் வெளியிட்ட ஆட்டம். அதோடு அந்தக் கம்பெனி கன்சோலுக்குக் கிரிக்கெட் போடுவதையே விட்டுவிட்டது. ஐ.பி.எல். தொடங்கியது 2008-ல். ஆனாலும் அந்த ஆட்டத்தில் நான் சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டையோடு ஆடியிருக்கிறேன். கம்பெனி கொடுத்ததல்ல, ரசிகர்கள் மாட்டிவிட்டது!

ஆட்டத்தின் சட்டை, முகம், பேட் எல்லாம் தனித்தனிப் படக் கோப்புகள். பழைய படத்தை எடுத்துவிட்டு அதே பெயரில், அதே அளவில் புதியதை வைத்தால் போதும், ஆட்டம் கேள்வி கேட்காது. கம்ப்யூட்டரில் இது சுலபம்.

பி.எஸ்.2-வில்தான் வம்பு. படத்தை மாற்றி டிவிடியில் எழுதிப் போட்டால் ஓடாது. ஒரிஜினல் டிஸ்கில் தொழிற்சாலையில் மட்டுமே பதிக்கக்கூடிய அடையாளம் ஒன்று இருக்கிறது. நம் வீட்டு ரைட்டரால் அதை எழுத முடியாது. அதனால்தான் பெட்டியைத் திறந்து சிப் வைத்தார்கள். பின்னால் வந்த கன்சோல்களில் டிஜிட்டல் கையெழுத்து வேறு. ஒரு எழுத்து மாறினாலும் பெட்டி கண்டுபிடித்துவிடும்.

எங்கள் சந்தவாசல், ஆரணிப் பக்கம் பட்டுத் தறி பார்த்து வளர்ந்தவனுக்கு இது விசித்திரமாகத்தான் படும். தறிமேல் ஜக்கார்டு பெட்டி, அதில் ஓட்டை போட்ட அட்டைகள். அட்டையை மாற்றினால் பார்டரில் மாங்காய் போய் அன்னம் வரும். தறி அதேதான். பெட்டி செய்தவர் வந்து "யாரைக் கேட்டு அட்டை மாத்தின?" என்று கேட்பதில்லை.

ஆனால் இதே தறி ஊரில் இன்னொரு வலியும் உண்டு. ஒருத்தர் யோசித்துப் போட்ட டிசைனை இன்னொருத்தர் அப்படியே எடுத்து விசைத்தறியில் ஓட்டி பாதி விலைக்கு விற்றால் வயிறு எரியும். பூட்டு போடும் கம்பெனியின் வயிற்றெரிச்சலும் இதுதான். உண்மையைச் சொல்லணும்னா, எனக்குத் தெரிந்து சிப் வைத்தவர்கள் யாரும் ஜெர்சி மாத்த வைக்கவில்லை. ஐம்பது ரூபாய் டிஸ்குக்காக வைத்தார்கள். (எங்கள் பெரியப்பா பையனும்தான். சொன்னால் அடிக்க வருவார்.)

ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைப்பது அநியாயம். அமெரிக்காவில் 1998-ல் வந்த சட்டப்படி, சில விலக்குகள் தவிர, பூட்டை உடைப்பதே குற்றம். நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவு அப்படியில்லை. உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால்தான் 2 வருடம் வரை சிறை, அபராதம். நோக்கத்தைப் பார்ப்பது நல்ல புத்தி. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தில், என் வீட்டில், எனக்காகச் சட்டை மாத்துவதில் யாருக்கு நஷ்டம்? அதையே டிஸ்க் போட்டு விற்றால் கதை வேறு. அந்தச் சட்டையில் இருக்கும் சிங்கமும் ஒருத்தர் சொத்துதானே.

கம்பெனி மட்டும் ஒழுங்கா? 2010 ஏப்ரல் 1-ல் சோனி ஒரு அப்டேட் விட்டு, பி.எஸ்.3-ல் லினக்ஸ் போடும் வசதியைப் பிடுங்கியது. வாங்கும்போது இருந்த வசதி அது. அவர்கள் நம் பெட்டியில் கை வைத்தால் அப்டேட், நாம் வைத்தால் திருட்டு!

விற்பதை நிறுத்திவிட்ட ஆட்டத்துக்காவது படக் கோப்புகளை மாற்ற வழி விட வேண்டும் என்பது என் கட்சி. பெரியப்பா வீட்டு பி.எஸ்.2-வில் இப்போது லென்ஸ் போய்விட்டது. கிரிக்கெட் 07 மட்டும் என் லேப்டாப்பில் ஓடுகிறது, மஞ்சள் சட்டையோடு.