காக்கை மேல் பழி

போன வாரம் ஒரு கல்யாண வரவேற்பில் பந்திக்குக் காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலிக்காரர் கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். வான்கோ வரைந்த கோதுமை வயல், மேலே காக்கைகள். “கடைசிப் படம் சார். முடிச்ச கையோட சுட்டுக்கிட்டார். மூணு பாதை பாருங்க, ஒண்ணும் எங்கயும் போய்ச் சேரல. காக்கான்னா சாவு.” குரலில் அப்படியொரு பரவசம். எனக்குப் பசியே போய்விட்டது.

இதை இன்னும் எத்தனை வருஷம் கேட்பது? அது கடைசிப் படமே இல்லை ஐயா. 1890 ஜூலை 10 வாக்கில் வரைந்தது. அவர் தன்னைச் சுட்டுக்கொண்டது 27ஆம் தேதி. மே 20ஆம் தேதி ஓவேர் கிராமத்துக்கு வந்ததிலிருந்து நாளுக்கு ஒரு படம் என்ற வேகத்தில் வரைந்துகொண்டிருந்த மனிதர், மிச்சமிருந்த இரண்டு வாரமும் காக்கையைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருந்தார்?

கடைசிப் படம் ‘மர வேர்கள்’. மேட்டுச் சரிவில் மண்ணரித்து வெளியே வந்த வேர்கள், நீலமும் பச்சையும் மஞ்சளுமாகப் பின்னிக் கிடக்கின்றன. படம் முடியாமலே நிற்கிறது. வெயிலும் உயிரும் நிறைந்த படம் என்று எழுதிவைத்தவர், தம்பி தியோவின் மைத்துனர். 2020இல் ஒரு பழைய தபால் அட்டையை வைத்து அந்த மேட்டையே அடையாளம் கண்டார்கள்; வான்கோ தங்கிய விடுதியிலிருந்து 150 மீட்டர்தான். ஆம்ஸ்டர்டாமில் காக்கைப் படம் இருக்கும் அதே அருங்காட்சியகத்தில்தான் வேர்களும் இருக்கின்றன. யார் பார்க்கிறார்கள்? வேரில் சாவு இல்லையே! 1956இல் கிர்க் டக்ளஸ் நடித்த திரைப்படம் வான்கோவைக் காக்கைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்திவிட்டுத் துப்பாக்கியைக் கொடுத்தது. உலகம் அதையே சரித்திரம் என்று எடுத்துக்கொண்டது.

காக்கைப் படத்தையாவது ஒழுங்காகப் பார்க்கிறார்களா? அகலம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல், உயரம் அதில் பாதி. நீல வானத்துக்கு எதிரே மஞ்சள் கோதுமை. செம்மண் பாதையை எடுப்பாகக் காட்ட அதன் ஓரங்களில் பச்சைப் புல். எந்த நிறத்தின் பக்கத்தில் எதை வைத்தால் எது துள்ளும் என்று தெரிந்து செய்த வேலை இது. அந்த வயல்களில் சோகத்தையும் தனிமையையும் காட்ட முயன்றதாகக் கடிதத்தில் சொன்னவர், கிராமப்புறம் தரும் ஆரோக்கியத்தையும் தெம்பையும் அவை சொல்லும் என்றும் அதே கடிதத்தில் எழுதினார். பின்பாதி யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. ஜூலை 23ஆம் தேதி தம்பிக்கு எழுதியதில் வண்ணங்கள் வாங்கி அனுப்பச் சொல்லிப் பட்டியல் இருக்கிறது. அதுவும் ஞாபகம் இருப்பதில்லை.

இன்னொரு கதையும் உண்டு: பைத்தியம்தான் அவரை வரைய வைத்ததாம். 1889 கோடையில் செயின்ட் ரெமி மனநல மருத்துவமனையில் நோய் முற்றியபோது வாரக்கணக்கில் அவர் தூரிகையைத் தொடவில்லை. நோய் விட்ட நாட்களில் வரைந்ததற்கு நோய்க்கு மாலை போடுகிறோம்.

இந்தக் கதைகளில் நமக்கு ஒரு சௌகரியமும் உண்டு. கலைஞன் என்றால் பட்டினி கிடக்க வேண்டும், காதை அறுத்துக்கொள்ள வேண்டும் என்று நம்பிவிட்டால், அட்டைப்படம் வரைந்தவருக்கு ஆறு மாதம் கழித்துக்கூடக் காசோலை அனுப்ப வேண்டியதில்லை. கேட்டால், “நீங்க ஆர்ட்டிஸ்ட் சார், பணத்தைப் பத்திப் பேசலாமா?” செத்தபிறகு அவர் படத்தைக் கோப்பையில் அச்சடித்துக் காபி குடிப்போம்.

அன்று நானும் கைபேசியை எடுத்து, பக்கத்து நாற்காலிக்காரருக்கு வேர்களைக் காட்டினேன். இதுதான் கடைசி, முடிக்காமல் போனது என்றேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். விரலால் பெரிதாக்கியும் பார்த்தார்.

“சரி சார், இதுல காக்கா எங்க?”

பந்திக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டேன்.