பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்களாம்!

"பேரன் பேத்தி எடுத்த வயசுல இதெல்லாம் தேவையா?" கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டையில் மனைவியை இழந்த பழைய சுரங்கத் தொழிலாளி துணை தேடினால் காதில் விழுவது இதுதான். தேடுவது பெண்ணென்றால் கேள்விகூட இல்லை, நேரே ஏச்சு. வயதானால் வேண்டியது கஞ்சியும் மாத்திரையும். அதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்பது ஊர் நம்பிக்கை.

பிள்ளைகள் எங்கே?

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதிலிருந்து தங்கவயலுக்குச் சோறு போடுவது பெங்களூரு. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறுகிறவர்கள் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். இடைப்பட்ட பகல் முழுக்க, பாறைத்தூசியில் நுரையீரலைப் பறிகொடுத்தவருக்கு மூச்சு முட்டினால் முதுகைத் தடவிவிட யார் இருக்கிறார்கள்? மகனைக் குறை சொல்ல முடியாது. அவன் போகாவிட்டால் அடுப்பு எரியாது. 'பிள்ளைகள்' என்று பொதுவாகச் சொல்வதும் பாதி பொய்தான். மலச்சட்டி எடுப்பவர் பெரும்பாலும் மருமகள்.

சட்டமும் இந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுக்கிறது. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம், 1995-இன்படி விதவைக்கு வரும் பென்ஷன் மறுமணம் செய்தால் நின்றுவிடும். விதி ஆணுக்கும் உண்டு. ஆனால் நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் ஆண்கள் என்பதால் இங்கே அடி விழுவது பெண்கள்மேல். குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். அதை இழக்கப் பயந்து தனியாகவே இருந்துவிடும் அம்மாவை 'கண்ணியமானவர்' என்று ஊர் புகழும்!

"கிழவனுக்குச் சம்பளமில்லாத நர்ஸ் வேண்டும், அதற்கொரு தாலி" என்பார்கள் சிலர். அதில் நியாயம் இருக்கிறது. அப்படி ஏமாற்றப்படும் பெண்கள் உண்டு. 1949-இல் 69 வயதுப் பெரியார் 29 வயது மணியம்மையை மணந்தபோது அவரது திராவிடர் கழகமே பிளந்தது. வயது, வாரிசு என்று எதிர்த்தவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் 1973 டிசம்பரில் பெரியார் மறையும்வரை உடனிருந்து பார்த்துக்கொண்டவர் மணியம்மை. பிறகு இயக்கத்தை நடத்தியவரும் அவரே. வெறும் நர்ஸ் செய்கிற காரியமா அது?

ஐதராபாத்தில் 2010-இல் ராஜேஸ்வரி தொடங்கிய 'தோடு நீடா', முதியவர்கள் கூடிப் பேசித் துணை தேடிக்கொள்ள வழிசெய்தது. அங்கே சேர்ந்தவர்களில் தாலி கட்டாமல் கூடி வாழ்கிறவர்களும் உண்டு. பென்ஷன் விதி இப்படி இருக்கையில் அதுவும் ஒரு வழிதான்.

ஊர் வாயைவிடப் பிள்ளைகளை உறுத்துவது பெரும்பாலும் வீடுதான். வருகிறவள் பங்கு கேட்பாளோ என்ற பயம். அதற்கு அப்பாவின் கல்யாணத்தைத் தடுக்க வேண்டியதில்லை. அவர் தன் பெயரிலுள்ளதை யாருக்கு என்று உயில் எழுதிவைக்கலாம். இரண்டு சாட்சிகள் போதும், முத்திரைத்தாள்கூட வேண்டாம்.