சூளையும் நுண்ணலையும்

குயவர் சூளையில் வெப்பம் புறத்தேயிருந்து மெல்ல அகம் புகும். நுண்ணலை அடுப்பிலோ, நொடிக்கு 245 கோடி முறை அதிரும் அலையை ஏற்கும் பொருள் தன்னுள்ளேயே வெம்மை கொள்கிறது. உலையில் பல மணி நேரம் வேகவேண்டிய பீங்கான் பொடிகள் சில, நிமிடங்களில் உருவாவது இதனாலன்றோ! ஆயின் எல்லாப் பொருளும் இவ்வலைக்கு இணங்குவதில்லை. தாமிர ஆக்சைடு விரைந்து சூடேறும். குளிர்ந்த அலுமினாவோ எளிதில் சூடேறாது. சிலிக்கான் கார்பைடின் துணை அதற்கு வேண்டும்.

சமையலறை அடுப்பைக்கொண்டு மாணவர் ஆய்வு தொடங்குவதை நாம் குறைகூறோம். "800 வாட், 10 நிமிடம்" என்று மட்டும் ஏட்டில் எழுதி முடிப்பதைத்தான் ஏற்கமாட்டோம். பொடியின் எடை, கிண்ணம் இருந்த இடம், எட்டிய வெப்பநிலை இவையின்றி மற்றொருவர் அதே பொடியைப் பெறுவது அரிது. அவ்வடுப்பினுள் உலோக வெப்பமானி இடர் தரும் என்பது மெய்யே. தொடாது அளக்கும் கருவியை வாங்கித் தருவது நிர்வாகத்தின் கடன்.