வாய்ப்புண்ணும் மணத்தக்காளியும்

வாய்ப்புண் என்றதும் மணத்தக்காளிக் கீரையை நாடுவது நம் வீடுகளின் வழக்கம். அதில் தவறில்லை. தேங்காய்ப்பால் சேர்த்துக் காரமின்றிச் சமைத்த கீரை, புண்பட்ட வாய்க்கு இதமான உணவு. ஆனால் தேன் நீரிழிவு உடையோருக்கு ஏற்றதன்று, அதுவும் சர்க்கரையே.

இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் வராதவரை புண் எளிதில் ஆறாது; எந்த மூலிகையும் அக்கட்டுப்பாட்டிற்கு ஈடாகாது என்பதே எம் கருத்து. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறைந்தும் வாய்ப்புண் வரலாம். அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்தலாகாது. இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. வெண்படலம் தோன்றினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம்.

2 வாரங்களில் ஆறாத புண்ணை, குறிப்பாகப் புகையிலைப் பழக்கம் உடையோர், மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். அது புற்றுநோயாகவும் இருக்கக்கூடும். கீரை உணவாகத் தொடரட்டும். சிகிச்சையைத் தள்ளிப்போடக் காரணமாக வேண்டாம்.