கைபேசிக்குள் ஒரு கள்ளச் சந்தை

காட்டில் கண்ணி வைத்தவன் பிடிபடுகிறான். கைபேசியில் கடை விரித்தவன் தப்பி விடுகிறான். வன உயிர்களைத் திருடி விற்கும் கள்ள வியாபாரத்தின் இன்றைய நிலை இதுதான். முன்பு ஊருக்கு ஒதுக்குப்புறமான சந்தையிலும் துறைமுகத்துச் சந்துகளிலும் நடந்த இந்த வியாபாரம், இன்று இன்டர்நெட்டில், பேஸ்புக்கில், வாட்ஸப் குழுக்களில் பட்டப்பகலில் நடக்கிறது. ஆமைக்கு ஒரு சங்கேதப் பெயர், கிளிக்கு ஒரு சங்கேதப் பெயர். படம் பார்த்து விலை பேசி, கைபேசியிலேயே பணம் அனுப்பினால், சரக்கு பஸ்ஸிலோ ரயிலிலோ பார்சலாக வந்து சேருகிறது. விற்றவன் முகம் வாங்கியவனுக்குத் தெரியாது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு, தண்டனை கடுமையாக்கப்பட்டது. முதல் அட்டவணையிலுள்ள உயிர்களைக் கொன்றாலோ விற்றாலோ 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வீட்டுக் கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பதும் இச்சட்டப்படி குற்றமே. ஆனால் சட்டத்தின் கை யார் கழுத்தைப் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி.

நட்சத்திர ஆமையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் முட்புதர்க் காடுகளில், மானாவாரி நிலத்து வரப்புகளில் ஊர்ந்து திரியும் சாது ஜீவன் அது. இந்தியாவில் ஒரே ஒரு வியாபார மையத்தின் வழியாக மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015-ல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. 2019-ல் இந்த ஆமையின் சர்வதேச வியாபாரத்துக்கு முற்றாகத் தடை விதிக்கப்பட்டது. ஆடு மேய்ப்பவரும் களை எடுப்பவரும் சில ரூபாய்க்காக எடுத்துக் கொடுக்கும் ஆமை, அயல்நாட்டுச் சீமான் வீட்டுக் கண்ணாடித் தொட்டிக்குப் போய்ச் சேரும்போது விலை பன்மடங்காகிறது. இடையிலுள்ள லாபம் முழுவதும் தரகன் பைக்குப் போகிறது. சிறை மட்டும் கூலிக்காரனுக்கு!

இந்த மோசடி உழைப்பாளியின் மடியிலும் கை வைக்கிறது. "மண்ணுளிப் பாம்பு வைத்திருந்தால் லட்சாதிபதி, மருந்துக்கு உதவும், வெளிநாட்டில் கோடி விலை" என்று வீடியோக்கள் பரப்பப்படுகின்றன. அத்தனையும் பொய். அந்தப் பாம்புக்கு மந்திர சக்தியும் இல்லை, மருந்துக் குணமும் இல்லை. அது வயலில் எலி தின்று விவசாயிக்கு உதவும் விஷமற்ற பாம்பு. எடை கூடினால் விலை கூடும் என்று அதன் வாயில் உலோகக் குண்டுகளைத் திணித்த கொடுமைகளும் நடந்துள்ளன. முன்பணம் கட்டி ஏமாந்தவன் போலீசுக்கும் போக முடியாது. போனால் அவனே குற்றவாளி. பஞ்சாலையில் ராத்திரி ஷிப்டு பார்த்துச் சேர்த்த போனஸ் பணம் இப்படிப் போகலாமா?

மூடநம்பிக்கையும் லாபவேட்டையும் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு சாட்சி "ஹத்தா ஜோடி". செல்வம் தரும் அபூர்வ மூலிகை வேர் என்று இன்டர்நெட்டில் விற்றார்கள். 2017-ல் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்தபோது, அது வேரே அல்ல, உடும்பின் உடலிலிருந்து அறுத்தெடுத்த இனப்பெருக்க உறுப்பு என்பது அம்பலமாயிற்று. வேர் என்று நம்பி வாங்கியவன் வாங்கியது ஓர் உயிரின் கொலை.

இந்தச் சந்தைக்கு இடம் கொடுக்கும் கம்பெனிகள் என்ன சொல்கின்றன? வன உயிர் வியாபாரம் நடக்கும் 106 இணையதளங்கள் கண்டறியப்பட்டிருப்பதாக, 2016-ல் அன்றைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் அனில் மாதவ் தவே ராஜ்ய சபையில் தெரிவித்தார். 2018-ல் 21 கம்பெனிகள், வன உயிர்ப் பாதுகாப்பு அமைப்புகளோடு சேர்ந்து ஒரு கூட்டணி அமைத்து, 2020-க்குள் இந்த வியாபாரத்தை 80 சதவீதம் குறைப்பதாக வாக்களித்தன. 1 கோடியே 16 லட்சம் விளம்பரங்களை நீக்கியதாகவோ தடுத்ததாகவோ 2021-ல் கணக்கும் சொல்லப்பட்டது. நீக்கியது நல்லதே. ஆனால் நீக்காமல் விட்டது எவ்வளவு? கணக்கு எழுதுகிறவனே தணிக்கையும் செய்தால் அந்தக் கணக்கை யார் நம்புவது? ஒரு கிளிக் குஞ்சின் படத்தைப் பார்த்தவனுக்கு அடுத்து பத்துப் படங்களைத் தேடிக் காட்டுவது கம்பெனியின் யந்திரம்தானே! காட்டுவதற்குத் தெரிந்த யந்திரத்துக்குத் தடுக்கத் தெரியாதா? பிறர் போடும் சரக்குக்குத் தாம் பொறுப்பில்லை என்று கூற 2000-ம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு அவர்களுக்குக் குடை பிடிக்கிறது. குற்றம் தெரிந்த பின்னும் அகற்றாதவருக்கு அந்தக் குடை கிடையாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. சர்க்கார் அதை ஏன் உறுதியாக அமல்படுத்தக் கூடாது?

தண்டனையால் மட்டும் இது தீராது. பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்தபோது பிழைப்பிழந்த இருளர் மக்கள், 1978-ல் வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். அனுமதி பெற்றுப் பாம்பு பிடித்து, விஷம் எடுத்து, மீண்டும் உயிரோடு விட்டுவிடும் தொழில் அது. அந்த விஷத்திலிருந்து தயாராகும் மருந்துதான் வயலில் கடிபட்ட விவசாயத் தொழிலாளியின் உயிரைக் காக்கிறது. அச்சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. காட்டை அறிந்த ஏழைக்குக் கௌரவமான வேலை கொடுத்தால், அவனே காட்டின் காவலன் என்பதற்கு வேறு என்ன நிரூபணம் வேண்டும்?

ஆகவே நாம் கோருவது இது:

1. விளம்பரத்துக்கு இடம் கொடுக்கும் கம்பெனிகளின் கணக்கைச் சர்க்கார் தணிக்கை செய்ய வேண்டும்.

2. கூலிக்குப் பிடித்தவனோடு வழக்கை முடிக்காமல், பணம் போன வழியைப் பின்தொடர்ந்து தரகனையும் வாங்கியவனையும் கூண்டில் ஏற்ற வேண்டும்.

3. காட்டோர மக்களுக்குக் கூட்டுறவுத் தொழில்களும் ஆண்டு முழுவதும் வேலையும் வேண்டும்.

நமக்கும் கடமை உண்டு. இத்தகைய விளம்பரம் கண்ணில் பட்டால் வேடிக்கைக்காகக்கூட பிறருக்கு அனுப்பக் கூடாது. அனுப்புவது விற்பவனுக்கு இலவசத் தண்டோரா. படத்தையும் கணக்கின் பெயரையும் பதிந்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். வரப்பில் ஆமையைக் கண்டால் அதன் போக்கில் விடுங்கள். ஆலை வாசலிலும் களத்துமேட்டிலும் இதைப் பேசுங்கள். காடும் அதன் உயிர்களும் ஒரு சிலர் விற்றுத் தின்னும் சொத்தல்ல. அவை நம் எல்லோருக்கும், நம் பிள்ளைகளுக்கும் சொந்தம்.